வேலைக் கோப்புறையிலிருந்து ‘புஷ் --மிரர்’ வேண்டாம்: கிட் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பாதுகாக்கும் கிட் என்ற மென்பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். நிரலை ஒரே சர்வரை நம்பி வைக்காதீர்கள், இரண்டாவதாக ஒரு ரிமோட்டும் (நகலை வைக்கும் வேறொரு இடம்) இருக்கட்டும் என்ற அறிவுரை சரிதான். அதற்குக் காட்டியிருக்கும் வழிதான் சிக்கலானது. அன்றாடம் வேலை செய்யும் கோப்புறையிலிருந்தே ‘கிட் புஷ் --மிரர் பேக்கப்’ என்ற கட்டளையை (புஷ் என்றால் நம் கணினியில் உள்ளதை சர்வருக்கு அனுப்புவது) இரவுதோறும் தானாக ஓடவிடும்படி கட்டுரை சொல்கிறது. அப்படிச் செய்தால் காப்பு நகல் அரைகுறையாகத்தான் இருக்கும். கை தவறி ஒரு பெயரை மாற்றி அடித்தால் முதன்மை ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் சேமிப்பகம்) உள்ள கிளைகளே, அதாவது தனித்தனியாக நடக்கும் வேலைத் தொடர்களே, அழிந்துவிடும். ஆகவே இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கிட்டைப் பொறுத்தவரை ரிமோட் என்பது ஒரு பெயர், ஒரு முகவரி, எதைக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்ற ஒரு விதி. மூன்றும் ‘டாட்-கிட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘கான்ஃபிக்’ கோப்பில் சில வரிகளாகக் கிடக்கின்றன. எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம். ‘ஃபெட்ச் = +ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*’ என்று ஒரு வரி இருக்கும்; ஃபெட்ச் என்றால் சர்வரிலிருந்து கொண்டுவருவது. முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது சர்வரில் உள்ள கிளைகள். வலப்பக்கம் இருப்பது அவை நம் கணினியில் வந்து உட்காரும் இடம். முன்னால் நிற்கும் கூட்டல் குறிக்கு, பழைய வரலாற்றோடு பொருந்தாவிட்டாலும் மேலெழுது என்று பொருள். ‘ஆரிஜின்’ என்ற பெயருக்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. சர்வரிலிருந்து முழு நகல் எடுக்கும்போது, அதாவது குளோன் செய்யும்போது, கிட் தானாக வைக்கும் பெயர் அது, மாற்றிக்கொள்ளலாம். ‘கிட் ரிமோட் ரிமூவ்’ என்றால் இந்த வரிகளும், சர்வரின் கிளைகளைக் கடைசியாகப் பார்த்த நிலையைக் குறித்துவைக்கும் நம் கணினியிலுள்ள தடக்குறிகளும்தான் போகும். சர்வரில் ஒரு துரும்பும் அசையாது. புதியவர்கள் பலர் இந்தக் கட்டளைக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ‘மிரர்’ கட்டளைக்கு.

ஏன் என்று பார்ப்போம். முதன்மை சர்வரில் 14 கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் கோப்புறையில் நாம் உருவாக்கிப் பயன்படுத்துவது ‘மெயின்’, ‘லாகின்’ என்ற இரண்டு மட்டுமே. மற்றவை ‘ஆரிஜின்/...’ என்ற தடக்குறிகளாக மட்டும் இருக்கின்றன. இங்கிருந்து ‘--மிரர்’ போட்டால், ‘ரெஃப்ஸ்’ என்பதன் கீழ் நம்மிடம் உள்ள எல்லாமே உள்ளபடி போகும். அதாவது காப்பு ரெப்போவில் கிளைகளாக இரண்டுதான் போய்ச் சேரும். 14 தடக்குறிகளும் அங்கே ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்’ என்ற பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளை அந்தக் காப்பிலிருந்து ஒருவர் சாதாரணமாகக் குளோன் செய்தால், குளோன் எடுப்பது ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்’ பகுதியைத்தான். அவருக்குக் கிடைப்பவை இரண்டே கிளைகள். மற்றவை தொலைந்துவிட்டதாக நினைத்து அந்தக் காப்பையே தூக்கி எறிந்துவிடவும் கூடும்.

இது தனி ஆள் கதை. ஒரே குழுவில் இருவர் ஒரே காப்பு முகவரிக்கு இதை ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அனுப்புபவரிடம் இல்லாத எதுவும் அந்தப் பக்கம் இருந்தால் அதை அழித்துவிடும். ‘--மிரர்’ என்பதன் இரண்டாவது பாதி இதுதான். முதலாமவர் இரவு 10 மணிக்கு அனுப்பிய ‘லாகின்’ கிளை, இரண்டாமவரிடம் இல்லை என்பதற்காக 11 மணிக்கு அழிக்கப்படும். மறுநாள் 10 மணிக்கு இரண்டாமவருடையது போகும், முதலாமவருடையது வரும். யாருக்கும் பிழைச் செய்தி வராது, ஏனென்றால் கட்டளை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ‘பேக்கப்’ என்பதற்குப் பதில் ‘ஆரிஜின்’ என்று அடித்துவிட்டாலோ, இதே அழிப்பு முதன்மை சர்வரில் நடக்கும்.

சரியான முறை இது. காப்புக்கென்று தனிக் கோப்புறை ஒன்று வேண்டும். அதில் யாரும் நிரல் எழுதக் கூடாது. ‘கிட் குளோன் --மிரர்’ என்று முதன்மை முகவரியைக் கொடுத்து அதை உருவாக்குங்கள். இந்த வகைக் குளோனில் ஃபெட்ச் விதியே வேறு: ‘+ரெஃப்ஸ்/*:ரெஃப்ஸ்/*’. சர்வரில் உள்ள 14 கிளைகளும் இங்கேயும் 14 கிளைகளாகவே வந்து நிற்கும், டேக்குகளும் (வெளியீடுகள் போன்றவற்றுக்கு இடும் பெயர்க் குறிகள்) அப்படியே. பிறகு ‘கிட் ரிமோட் ஆட் பேக்கப்’ என்று இரண்டாவது முகவரியைச் சேருங்கள். இரவு வேலையில் இரண்டு கட்டளைகள் போதும்: முதலில் ‘கிட் ஃபெட்ச் ஆரிஜின்’, அது பிழையின்றி முடிந்தால் மட்டும் ‘கிட் புஷ் --மிரர் பேக்கப்’.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மிரர் குளோனின் கான்ஃபிக் கோப்பில் ஆரிஜின் பகுதியில் ‘மிரர் = ட்ரூ’ என்ற வரியை கிட் தானாக எழுதிவைக்கிறது. யாராவது அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பெயர் எதுவும் கொடுக்காமல் வெறும் ‘கிட் புஷ்’ என்றால், அது முதன்மை சர்வரை நோக்கிய மிரர் புஷ் ஆகிவிடும். நேற்றிரவு நிலவரம் சர்வரில் ஏறும். இன்று காலை உருவான கிளைகள் போய்விடும். தடுப்பது சுலபம்: ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --புஷ் ஆரிஜின் தடை’ என்று இல்லாத முகவரி ஒன்றைப் புஷ் முகவரியாகக் கொடுத்துவிடுங்கள். ஃபெட்ச் வழக்கம்போல நடக்கும், புஷ் மட்டும் முகவரி கிடைக்காமல் நின்றுவிடும். பிறருடைய ரெப்போவை ‘அப்ஸ்ட்ரீம்’ என்று சேர்த்து வேலை செய்பவர்களும் அதற்கு இப்படியே பூட்டுப் போடலாம்.

கிட் ரெப்போக்களை வைத்துத்தரும் கிட்ஹப் தளத்திலிருந்து மிரர் எடுத்தால், மாற்றங்களைச் சேர்க்கக் கேட்டு வரும் கோரிக்கைகளுக்கான ‘ரெஃப்ஸ்/புல்’ என்ற பகுதியும் சேர்ந்து வரும். அதை இன்னொரு கிட்ஹப் ரெப்போவுக்கு அனுப்பினால் அந்தப் பகுதியை மட்டும் சர்வர் மறுக்கும். சிவப்பெழுத்தில் பல வரிகள் ஓடும். கிளைகளும் டேக்குகளும் மட்டும் போதுமென்றால் ‘--மிரர்’ என்பதை விட்டுவிட்டு, ‘+ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*’, ‘+ரெஃப்ஸ்/டேக்ஸ்/*:ரெஃப்ஸ்/டேக்ஸ்/*’ என்று இரண்டு விதிகளைக் கட்டளையிலேயே எழுதி அனுப்பலாம். எங்கள் தேர்வு இதுதான். இதில் அழிப்பு இல்லை. முதன்மையில் ஒருவர் கிளையை நீக்கினாலும் காப்பில் அது இருக்கும்.

ஆனாலும் இரவுதோறும் ஒத்திசையும் நகல், தவறுகளையும் இரவுதோறும் ஒத்திசைக்கும். பகலில் ஒருவர் ‘மெயின்’ கிளையை ஃபோர்ஸ் புஷ் செய்து, அதாவது சர்வரில் உள்ளதை வலுக்கட்டாயமாக மேலெழுதி, 40 கமிட்டுகளை (பதிவுசெய்த மாற்றங்களை) காணாமல் ஆக்கியிருந்தால், இரவில் காப்பும் அதையே பின்பற்றும். மேலே சொன்ன கூட்டல் குறியின் வேலை அது. வேலைக் கோப்புறையில் இப்படி நடந்தால், கிளைகளின் பழைய நிலைகளைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக் கைகொடுக்கும். மிரர் குளோன் போன்ற, வேலைக் கோப்புகள் இல்லாத ‘பேர்’ ரெப்போக்களில் ரெஃப்லாக் இயல்பாக எழுதப்படுவதில்லை என்பது பலருக்கும் தெரியாது. அந்தக் கோப்புறையில் ‘கோர்.லாக்-ஆல்-ரெஃப்-அப்டேட்ஸ்’ என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் பழைய நிலைகளின் பதிவு கிடைக்கும். அதோடு வாரம் ஒருமுறை தேதியிட்ட பண்டில் கோப்பு ஒன்றையும் எடுத்துவையுங்கள். ‘கிட் பண்டில் கிரியேட்’ என்று கோப்பின் பெயரும் ‘--ஆல்’ என்பதும் கொடுத்தால், முழு வரலாறும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். பென்டிரைவிலும் வைக்கலாம், எந்தச் சேமிப்பிடத்திலும் ஏற்றலாம். திரும்ப எடுக்க அந்தக் கோப்பையே முகவரியாகக் கொடுத்து குளோன் செய்தால் போதும். ‘பண்டில் வெரிஃபை’ சொல்லும் ‘ஓகே’வோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது தலைப்புப் பகுதியையும், முன்தேவையான கமிட்டுகள் இருக்கின்றனவா என்பதையும்தான் பார்க்கிறது. தற்காலிகக் கோப்புறையில் குளோன் செய்து, அதில் தரவு பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்கும் ‘கிட் எஃப்எஸ்சிகே’ ஓட்டிப் பார்ப்பதே சோதனை. ‘--டெப்த் 1’ போட்டு எடுத்த குளோன் காப்பாகவே ஆகாது; அதில் வரலாறே கிடையாது.

ஒரே ரிமோட்டில் இரண்டு முகவரிகளைச் சேர்த்து, ஒரு புஷ்ஷில் இரண்டு சர்வருக்கும் அனுப்புவதாகவும் கட்டுரை ஓரிடத்தில் சொல்கிறது. முடியும். ஆனால் ‘செட்-யூஆர்எல் --ஆட் --புஷ்’ என்று இரண்டாவது முகவரியை மட்டும் சேர்த்தால், அந்த நொடியிலிருந்து முதல் முகவரிக்குப் புஷ் போகாது. காரணம், புஷ் முகவரி எதுவும் எழுதப்படாதவரைதான் சாதாரண முகவரி புஷ்ஷுக்கும் பயன்படும். ஒன்றை எழுதிவிட்டால் எழுதியது மட்டுமே செல்லும். எனவே பழைய முகவரியையும் இன்னொருமுறை ‘--ஆட் --புஷ்’ கொடுத்துச் சேர்க்க வேண்டும். அல்லது ‘--புஷ்’ என்பதையே விட்டுவிட்டு ‘செட்-யூஆர்எல் --ஆட்’ மட்டும் கொடுக்கலாம். அப்போது ஃபெட்ச் முதல் முகவரியிலிருந்தும் புஷ் எல்லா முகவரிகளுக்கும் நடக்கும். எப்படிச் செய்தாலும் ‘கிட் ரிமோட் -வி’ ஓட்டி, புஷ் என்று முடியும் வரிகள் இரண்டு இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டில் ஒன்று தோற்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் சர்வர் மறுத்தாலும் கிட் அடுத்ததற்கு அனுப்பிவிட்டு, கடைசியில்தான் தோல்வி என்று சொல்லும். இரண்டாவதில் வெற்றி பெற்றதால் நம் கணினியில் ‘ஆரிஜின்/மெயின்’ தடக்குறி முன்னேறிவிடும். உடனே ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எல்லாம் சேர்ந்துவிட்டதாகக் காட்டும். உண்மையில் முதன்மை சர்வர் பின்தங்கியிருக்கும். இரண்டு சர்வருக்கும் ஒரே தடக்குறி என்பதால் வரும் குழப்பம் இது. இதனால்தான் தனித்தனிப் பெயர்களையே விரும்புகிறோம்.

காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ‘கிட் எல்எஸ்-ரிமோட்’ போதும். எதையும் இறக்காமல், ஒவ்வொரு கிளையின் பெயரையும் அதன் 40 எழுத்து அடையாளத்தையும் பட்டியலிடும். இரண்டு முகவரிகளுக்கும் ஓட்டி இரு கோப்புகளில் எழுதி ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தாலும் ரெப்போவுக்குள் இல்லாதவை வரமாட்டா. பெரிய கோப்புகளை ரெப்போவுக்கு வெளியே சேமிக்கும் எல்எஃப்எஸ் மூலம் வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சாதாரணப் புஷ்ஷில் ஏற்காது என்பதால் எல்எஃப்எஸ்ஸுக்குப் போனவர்கள் நிறையப் பேர். அந்தக் கோப்பின் இடத்தில் ரெப்போவில் இருப்பது மூன்று வரிகள்: பதிப்பு, அடையாள எண், அளவு. மிரர் குளோன் அந்த மூன்று வரிகளைத்தான் நகலெடுக்கும். உண்மைக் கோப்புகளுக்கு ‘கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல்’, பிறகு ‘கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் பேக்கப்’ என்று தனியாக ஓட்ட வேண்டும். இஷ்யூக்கள் (பிழைப் புகார்கள் போன்றவை), மறுஆய்வுக் கருத்துகள், வெப்ஹுக்குகள் (பிற சேவைகளுக்குப் போகும் தானியங்கி அறிவிப்புகள்), அணுகல் அனுமதிகள் எல்லாம் சேவை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற இன்னொரு சேவையான கிட்லேப் தளத்தில் தவறான சர்வரில் தரவு அழிக்கப்பட்டு, சுமார் 6 மணி நேரத் தரவு போனபோது, கிட் ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனவை இஷ்யூக்கள், கருத்துகள், பயனர் கணக்குகள் போன்ற தரவுத்தளத் தகவல்கள்தான். சேவையே நின்றுபோவதும் புதிதல்ல. கிட்டோரியஸ் 2015-இல் மூடப்பட்டது, கூகுள் கோட் 2016 ஜனவரியில். 2014-இல் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் சர்வர்களையும் காப்புகளையும் ஊடுருவியவர் அழித்துவிட, நிறுவனமே மூடும்படி ஆனது. காப்பு முதன்மையோடு ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லின் கீழ் இருக்கக் கூடாது என்று சொல்ல இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை.

கட்டுரையின் மாதிரி முகவரியில் பயனர் பெயருக்கும் சர்வர் பெயருக்கும் நடுவே டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ரகசிய எழுத்துத்தொடர்) எழுதியிருந்தது. அதைச் செய்யாதீர்கள். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் புஷ், ஃபெட்ச் போன்றவற்றுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதால் டோக்கன் தேவைதான். ஆனால் முகவரியில் எழுதினால் அது கான்ஃபிக் கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கும், ‘கிட் ரிமோட் -வி’ ஓட்டும்போதெல்லாம் திரையில் தெரியும். உதவி கேட்டுத் திரையைப் படம் பிடித்து அனுப்புபவர்கள் டோக்கனையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். டோக்கனைத் தனியாக வைத்துத்தரும் கிரெடென்ஷியல் ஹெல்பர் அல்லது கடவுச்சொல் இல்லாமல் சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி பயன்படுத்தலாம். இரவு வேலைக்குப் பயன்படும் சாவிக்கு முதன்மை சர்வரில் படிக்கும் உரிமை மட்டும் போதும்.

சர்வர் முகவரி மாறும் சமயத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் ‘செட்-யூஆர்எல்’ செய்யச் சோம்பல்பட்டால், பொது கான்ஃபிக்கில் ‘இன்ஸ்டெட்-ஆஃப்’ என்ற அமைப்பால் பழைய முகவரியின் முன்பகுதிக்குப் புதியதை ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம். சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போ) இருந்தால் ‘டாட்-கிட்மாட்யூல்ஸ்’ கோப்பைத் திருத்தியபின் ‘கிட் சப்மாட்யூல் சிங்க்’ ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். கிட்ஹப்பில் பெயர் மாற்றினால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடும், உண்மை. ஆனால் அதே பழைய பெயரில் புதிய ரெப்போ ஒன்று உருவானால் அந்தத் திருப்பல் போய்விடும். எனவே திருப்பலை நம்பி முகவரியை மாற்றாமல் விடாதீர்கள்.

ஃபோர்ஸ் புஷ் பற்றியும் ஒரு வார்த்தை. ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ பாதுகாப்பானது என்று கட்டுரை சொல்வது பாதி சரி. நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால்தான் அது அனுமதிக்கும். ஆனால் ‘பார்த்தது’ என்று அது எடுத்துக்கொள்வது தடக்குறியை. சில எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே ஃபெட்ச் செய்கின்றன. நாம் பார்க்காமலே தடக்குறி முன்னேறிவிடும், பூட்டும் திறந்துவிடும். 2.30 பதிப்பிலிருந்து கிடைக்கும் ‘--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்’ என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த ஓட்டை அடைபடும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் அந்த ரெப்போவில் ‘ரிசீவ்.டினை-நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்ஸ்’, ‘ரிசீவ்.டினை-டெலீட்ஸ்’ இரண்டையும் ட்ரூ ஆக்கினால், யார் என்ன அடித்தாலும் வரலாறு பின்னால் போகாது, கிளையும் அழியாது.

கடைசியாக, கட்டுரையைப் படித்து அந்தக் கட்டளையை ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு. காப்புக்கு மட்டும் அனுப்பியிருந்தால் பதற வேண்டாம். விடுபட்ட கிளைகள் ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்’ பகுதியில்தான் இருக்கும். ‘கிட் எல்எஸ்-ரிமோட் பேக்கப்’ ஓட்டினால் தெரியும். ஃபெட்ச் கட்டளையில் ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/மீட்பு/*’ என்று விதி கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

முதன்மை சர்வருக்கே போய்விட்டது என்றால் முதல் வேலை, குழுவில் உள்ள எல்லோரையும் ஃபெட்ச், புல் எதுவும் செய்யாமல் நிறுத்தச் சொல்வது. சிலர் ‘ஃபெட்ச்.புரூன்’ அமைப்பை ட்ரூ ஆக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் ஒருமுறை ஃபெட்ச் செய்தாலே நம்மைக் காப்பாற்றக்கூடிய தடக்குறிகளும் மறைந்துவிடும். சம்பவத்துக்குச் சற்று முன் ஃபெட்ச் செய்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர் கோப்புறையை முதலில் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, ‘கிட் ரிமோட் செட்-ஹெட் ஆரிஜின் -டி’ கொடுங்கள். இதை விட்டால் சர்வரில் ‘ஹெட்’ என்ற பெயரில் தேவையில்லாத கிளை ஒன்று முளைக்கும். பிறகு ‘கிட் புஷ் ஆரிஜின்’ கட்டளையோடு ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*:ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*’ என்ற விதியைக் கொடுத்தால், அவர் கடைசியாகப் பார்த்த கிளைகள் எல்லாம் சர்வருக்குத் திரும்பும். இங்கே கூட்டல் குறி போடாதீர்கள். அவரிடம் உள்ளதைவிடப் புதிய நிலையில் சர்வரில் ஏதாவது கிளை மிஞ்சியிருந்தால் அதை மட்டும் கிட் மறுத்துவிடும், அதுதான் நமக்கு வேண்டியதும். எல்லோரிடமும் தடக்குறிகள் போய்விட்டிருந்தால், ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ ஓட்டிப் பெயரற்றுக் கிடக்கும் கமிட்டுகளைத் தேடலாம். இயல்பான அமைப்பில் கிட் அவற்றை இரண்டு வாரம் வரை விட்டுவைக்கும். அதற்குள் ‘கிட் ஜிசி --புரூன்=நவ்’ என்று யாரும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிட் சர்வர்களைப் பராமரிக்கும் வாசகர்கள் சிலர்